காட்டிக்கொடுத்த காது

"முடியை ஒதுக்கு" என்றார் மாஸ்டர் அல்தெவிர்.

ஜுசாரா அசையவில்லை. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எதிராளியின் கழுத்தை வளைத்துப் பிடித்து முழங்கால் முட்டியால் தாக்குகிற பயிற்சி அது. செய்து காட்ட அவளைக் கூப்பிட்டு, இரண்டு கையாலும் தலையைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். அத்தனை நாள் எங்கள் யார் கண்ணிலும் படாதது அவர் விரலில் தட்டுப்பட்டுவிட்டது.

கடைசியில் அவரே முடியை விலக்கினார். இடது காது மடல் மாவு உருண்டை மாதிரி புடைத்திருந்தது.

எங்கள் கூடத்தில் கற்பது முவாய் தாய். குத்து, உதை, முட்டி, முழங்கை. எங்களுக்கெல்லாம் மூக்குதான் உடையும். காது புடைப்பது, தரையில் கட்டிப் புரண்டு தலையைத் தேய்த்துக்கொள்கிற ஜியு-ஜிட்சுக்காரர்களுக்கு. அப்படி ஒரு கூடம் எங்களுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

"எத்தனை நாளா அங்க போற?"

"நாலு மாசமா, மாஸ்டர்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா விட்டிருக்க மாட்டீங்க."

எங்கள் குரிடிபா நகரத்தில் பெண்டாட்டியை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போனவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். மாஸ்டரிடம் சொல்லாமல் இன்னொரு கூடத்துக்குப் போனால் துரோகி என்ற பெயர்தான். அது சாகும்வரை போகாது.

சனிக்கிழமை அவளுக்குக் கறுப்புக் கைப்பட்டைத் தேர்வு; புஜத்தில் கட்டுகிற அந்தப் பட்டைதான் எங்களில் உச்சம். எட்டு வருஷம் அதற்காக உதைபட்டிருக்கிறாள். தேர்வுப் பட்டியலில் அவள் பெயரை அடிக்கச் சொன்னார் மாஸ்டர். நான்தான் அடித்தேன். அவருக்கு முழங்கை வலி என்பதால் இரண்டு மாதமாகப் பட்டியல் எழுதுவது, உதை வாங்குகிற மெத்தையை (பேட்) பிடிப்பது எல்லாம் என் தலையில்.

"இனி இந்தப் படி ஏறாதே" என்றார்.

ஜுசாரா கும்பிட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோபம் ஒரு பங்கு என்றால், உண்மையைச் சொல்கிறேன், ஆர்வம் மூன்று பங்கு. அந்த நாலு மாதம் பொறுத்திருந்தால் பட்டையைக் கட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாமே. அப்படி என்ன அவசரம்? இது தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது.

மறுநாள் சாயந்திரம், வேகவைத்த பைன் கொட்டை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தேன். அங்கே சொல்லிக்கொடுக்கிற தெல்மா எனக்குத் தூரத்துச் சொந்தம். அவளைப் பார்க்கிற சாக்கு. யாராவது பார்த்து நானும் துரோகியாகிவிடக் கூடாதே என்று தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

உள்ளே ஜுசாரா, கற்றுக்குட்டிகள் கட்டுகிற வெள்ளைப் பெல்ட்டோடு தரையில் கிடந்தாள். மேலே தடியன் ஒருவன். அவள் கண்ணைச் சுற்றி ஒரு கறுப்புத் துணி.

தடவித் தடவி அவன் சட்டைக்கையைப் பிடித்தாள். அங்கிருந்து மணிக்கட்டு, அங்கிருந்து முழங்கை. எப்படித் திரும்பினாள் என்று எனக்குப் புரிவதற்குள், 'போதும், விடு' என்று அவன் தரையை இரண்டு தட்டு தட்டிவிட்டான். அவள் துணியை அவிழ்க்கவில்லை. இன்னொரு தடவை என்றாள்.

எதற்கு இந்தக் கண்கட்டு என்று தெல்மாவிடம் கேட்டேன்.

"முதல் நாள்லேர்ந்து இப்படித்தான்" என்றாள். "ஜெயிக்கறதைப் பத்தி அவ கேட்டதே இல்ல. கண்ணு தெரியாதவங்க இதைப் பழக முடியுமான்னுதான் கேட்டா. ஆளு கைக்குள்ள வந்தாச்சுன்னா கண்ணு எதுக்குன்னு சொன்னேன். அன்னிக்கே சேந்துட்டா."

பயிற்சி முடிந்ததும் ஜுசாரா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கண்ணுல ஏதாவது கோளாறாம்மா?"

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

"ஒஸ்னி அண்ணே, நீங்க இங்க எதையும் பாக்கல. மாஸ்டர் காதுக்குப் போகவே கூடாது. துரோகின்னே நினைச்சிட்டுப் போகட்டும்."

"கைப்பட்டை?"

"எட்டு வருஷம், அண்ணே" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

இந்த வயதில் கண் போகிறது என்றால் எப்படித் தாங்கும்? நானாக இருந்தால் ஊரைக் கூட்டி அழுதிருப்பேன். இவள் ஒருத்தருக்கும் சொல்லாமல், வரப்போகிற இருட்டுக்கு இப்போதே பழகிக்கொண்டிருக்கிறாள். போதாக்குறைக்கு அவள் பெயரை அடித்தது என் கை.

என் வாயில் எதுவும் தங்காது. நேராக மாஸ்டரிடம் போனேன். கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். பார்த்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன்.

"அவளுக்குப் பார்வை போகுது மாஸ்டர். வெளியில சொல்ல வெக்கப்படறா. பார்வை இல்லாமலும் பண்ணக்கூடியதைத் தேடித்தான் அங்க போயிருக்கா. பாவம், மன்னிச்சிடுங்க."

"நான் யார்கிட்டயும் சொல்லலையே, அவ எப்படிக் கண்டுபிடிச்சா?" என்று முனகினார் மாஸ்டர். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பட்டியலை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"அவ பேரைத் திரும்ப எழுது."

எழுதினேன்.

"அவ கண்ணு நல்லாத்தான் இருக்கு, ஒஸ்னி. நாளைக்குச் சாயந்திரம் கையைப் பிடிச்சு என்னை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போ. ரோட்டுல வர்ற பஸ்ஸு எனக்கு இப்பல்லாம் தெரியறதில்ல."