கரகரக்கும் கட்டை

"அம்மா, அந்தக் கட்டையை மட்டும் தொட்டுடாதீங்க!"

இன்ஜினீயர் போட்ட சத்தத்தில் ரிப்பேர்க்கார அம்மாளின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவி விழுந்தது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அவர் கணவர் திடுக்கிட்டு ஒளியைக் கூரைக்குத் திருப்பினார்.

சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டிய ஒலிப்பதிவு அறை அது. நடுவே ஐம்பது வருடப் பழைய எலெக்ட்ரிக் பியானோ, மூடி கழற்றி, உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் எஃகு ரீடுகள் வரிசையாகத் தெரிய நின்றது. அதே பியானோ போல ஒலிக்கும் சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் உருவாக்குவதுதான் இன்ஜினீயரின் வேலை. இரண்டு கட்டைகள் ஊமையாகிவிட்டதால் அம்மாளை வரவழைத்திருந்தார். அரை மணி நேரத்தில் அவர் இரண்டையும் பேசவைத்துவிட்டார்.

"இல்ல தம்பி, இந்த மூணாவதும் கரகரங்குது. கையோட சரி பண்ணிடறேன். ரெண்டு நிமிஷ வேலை."

"ஐயோ, அந்தக் கரகரப்புதாம்மா இதோட உயிரே! இதுல வாசிச்ச பாட்டையெல்லாம் ஜனங்க அதுக்காகவே திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. இதே மாடல்ல ஒன்பது பியானோ தேடிப் பிடிச்சுப் பார்த்தோம். எதுலயும் அது இல்ல."

"நான் பாடினா மட்டும் கரகரங்குதுன்னு ஜன்னலைச் சாத்தறா," என்றார் கணவர்.

"நீங்க டார்ச்சை ஒழுங்காப் பிடிங்க."

இன்ஜினீயர் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாளின் அருகில் உட்கார்ந்தார். "பதிவு பண்ணி அப்படியே ஓடவிட்டா டேப் மாதிரி இருக்கும்மா. அழுத்தற விரலுக்குத் தகுந்த மாதிரி சத்தம் மாறணும். மூணு மாசமா கணக்குப் போடறோம், பிடிகொடுக்க மாட்டேங்குது. இது எப்படி வருதுன்னு உங்களுக்காவது தெரியுதா?"

அம்மாள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"ரீடு நுனியில சுருதிக்காக ஈயம் வைப்பாங்க. நட்ட நடுவுல, பொட்டு மாதிரி. இதுல அது இடது ஓரமா ஒதுங்கியிருக்கு. மெதுவா அடிச்சா தெரியாது. ஓங்கி அடிச்சா ரீடு நேரா ஆடாம முறுக்கிக்கிட்டு ஆடும். அதான் அந்தச் சத்தம்."

"முறுக்கிக்கிட்டா!" இன்ஜினீயர் தலையில் அடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் பாய்ந்தார். கால் மணி நேரம் பக்கத்தில் ஆட்கள் இருப்பதையே அவர் மறந்துவிட்டார். பிறகு கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த சின்னக் கீபோர்டில் அந்தக் கட்டையை மெல்லத் தொட்டார். தெளிந்த ஒலி. ஓங்கி அழுத்தினார்.

கரகரத்தது.

அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். யாரோ கை தட்டினார்கள்.

"அதேதாம்மா! அச்சு அசல்!" இன்ஜினீயர் துள்ளி எழுந்தார். "இதை யோசிச்ச ஆள் சாதாரண ஆளா இருக்க முடியாது. மேதை! இந்தப் பியானோவைச் செஞ்ச கம்பெனியை மூடி வருஷக்கணக்காச்சு, விசாரிக்கக்கூட நாதியில்ல. பேர் மட்டும் தெரிஞ்சா எங்க சாஃப்ட்வேரோட முதல் திரையிலேயே கொட்டை எழுத்துல போட்டுடுவோம்."

"போடுவீங்களா, நிஜமாவா?"

"சத்தியமாம்மா."

அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"அப்போ என் பேரையே போடுங்க தம்பி. பத்தொன்பது வயசுல அங்கதான் ஈயம் வைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். ஆறாவது நாள் கை கோணிப்போச்சு. பியானோ லாரி ஏறின பிறகுதான் எனக்கே உறைச்சுது. நானா போய்ச் சொன்னேன். இந்த ஒத்தப் பொட்டுக்காகத்தான், 'உனக்கு இந்த வேலை வராது'ன்னு அன்னிக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க!"