பரிசீலனையில் ஓர் ஓனர்

"ஏனுங், தொழில்ங்கற கட்டத்துல 'கம்பெனி ஓனர்'னு யாருங்க உங்களைப் போடச் சொன்னது?"

மனைவி பூங்குழலி கேட்டதும் சசிகுமார் செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. திரையில் இருந்தது, அவர் படிக்கும் ஆன்லைன் பல்கலைக்கழகத்துக்கு ஆறு வாரம் முன்பு தானே நிரப்பி அனுப்பிய உதவித்தொகை விண்ணப்பம்.

"உன்ற தம்பி கல்யாணப் பத்திரிகைல அப்படித்தான அடிச்சிருந்தாங்க? 'பூங்குழலி கார்மெண்ட்ஸ் உரிமையாளர்'னு. அந்தப் பழக்கத்துல கை தானா போட்டுருச்சு."

"பணியாளர்கள் ரெண்டு பேருன்னு வேற இருக்குது. யாருங்க அந்த ரெண்டு பேரு?"

"நானு… அப்புறம் நீயி."

"கம்பெனி என்ற பேரு. ஓனர் நீங்க. நான் வேலையாளு. சரிங்க ஓனர், சம்பளம் எப்பக் குடுப்பீங்க?"

பூங்குழலி கார்மெண்ட்ஸ் என்பது வேலம்பாளையத்தில் ஒரு தகர ஷெட். உள்ளே இரண்டு தையல் மெஷின்கள். ஒன்று ஓடும். இன்னொன்றின்மேல் ஈரத்துண்டு காயும்.

ஓனருக்கு வயது நாற்பத்திரண்டு. ஆர்டர் கேன்சல் என்று ஆங்கிலத்தில் வந்த மெயிலுக்கு 'தேங்க்யூ சார்' என்று பதில் போட்டுவிட்டு, நாலு நாள் துணிக்காகக் காத்திருந்தவர். ஐந்தாம் நாள்தான் பி.காம். சேர்ந்தார். முதல் வருஷம் எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாம் வருஷக் கட்டணத்தை வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் பரீட்சை எழுத முடியாது.

"சலாவுதீன் பாய் மறுபடியும் கூப்பிட்டாருங்க" என்றாள் பூங்குழலி. "மூணு வாரம் அவங்க கம்பெனில வந்து தைச்சுக் குடுத்தா, உங்க காலேஜ் பீஸ் பணத்தை இன்னிக்கே குடுத்தர்றாராமா. அஞ்சு மணிக்குள்ள சொல்லோணும். இல்லீன்னா வேற டெய்லரைப் பாத்துக்குவாரு."

"ஓனரு போயி இன்னொருத்தர் மெஷின்ல உக்கார்றதா? ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? அதான் உதவித்தொகை வருதில்ல."

"வருதுங்களா?"

சசிகுமார் மணி பார்த்தார். நாலரை. "கேட்டுச் சொல்றேன்" என்று பல்கலைக்கழக உதவி மையத்தின் நம்பரை அமுக்கினார். ஒன்பது நிமிஷம் புல்லாங்குழல் வாசித்தார்கள். பிறகு ஒரு பெண் குரல்.

"வணக்கம் சார். மாணவர் உதவி மையம், நித்யஸ்ரீ பேசுகிறேன். உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"ஒண்ணுமில்லம்மா. ஃபாரத்துல கை தவறி என்னைப் பணக்காரனாக்கிட்டேன். திரும்ப ஏழையாக்கிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

அந்தப் பக்கம் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

"திருத்தலாம் சார். தொழில் கட்டத்தில் 'தையல் தொழிலாளி' என்று மாற்றுங்கள். வருமானச் சான்றிதழைத் திரும்ப ஏற்ற வேண்டும். வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள், ஓரம் மடங்கியிருந்தால் ஏற்காது. கடைசிப் பட்டனை அழுத்திவிட்டுப் பக்கத்தை மூடிவிடாதீர்கள். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பொறுமையாக இருங்கள். மூடினால் முதலிலிருந்து வர வேண்டும்."

அவள் சொன்னபடியே செய்தார். வட்டம் சுற்றியது. நின்றது. திருத்தம் ஏற்கப்பட்டது.

"அடேங்கப்பா! உங்களுக்கு நல்லா டிரெயினிங் குடுத்திருக்காங்கம்மா."

"நன்றி சார்."

"இனிப் பணம் வந்துருமில்ல?"

"உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது சார்."

"அது ஆறு வாரமா அங்கதாம்மா இருக்குது. ஐசியூல வெச்சிருந்தாக்கூட இந்நேரம் வெளிய வந்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வருமா, வராதா?"

"பரிசீலனை முடிந்ததும் உங்களுக்குக் குறுஞ்செய்தி வரும் சார்."

"அம்மணி, அஞ்சு மணிக்குள்ள நான் ஒருத்தருக்குப் பதில் சொல்லோணும். வரும்னா ஓனராவே இருந்துக்குவேன். வராதுன்னா டெய்லர் வேலைக்குப் போயாவது பீஸைக் கட்டிப்போடுவேன். நடுவுல நிக்க வெச்சுட்டீங்கன்னா ரெண்டுமில்லாம பரீட்சையும் போயிரும்."



"வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?"

"இல்லம்மா. இதுவரைக்கும் செஞ்ச உதவியே போதும்."

போனை வைத்தார். "என்னங்க சொன்னாங்க?" என்றாள் பூங்குழலி.

"நல்ல புள்ள. மரியாதையாப் பேசுச்சு. பதில் மட்டும் சொல்லலை."

மணி நாலு ஐம்பது. மறுபடி போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அண்ணா, நான்தானுங்க, நித்யஸ்ரீ. அங்க பேசறதெல்லாம் ரெக்கார்டு ஆகுமுங்க. அதனால மாடிப்படிக்கு வந்து என்ற போன்ல கூப்பிடறனுங்க."

'சார்' அண்ணாவாகியிருந்தார். சசிகுமார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏங்கண்ணு, நீ நம்ம பக்கமா?"

"மடத்துக்குளமுங்கண்ணா."

"அப்பன்னா ஒரே வார்த்தைல சொல்லு கண்ணு. வருமா, வராதா?"

"வராதுங்கண்ணா. அந்த டெய்லர் வேலைய விட்றாதீங்க."

"எல்லாம் நான் ஓனர்னு போட்ட வினைதான?"

"அய்யோ, அதில்லீங்கண்ணா. எங்கப்பாவுக்குக் 'கூலி'ன்னு சரியாத்தானுங்க போட்டேன்" என்றாள் நித்யஸ்ரீ. "நானும் இதே யுனிவர்சிட்டிலதானுங்க படிக்கறேன். போன வருஷம் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டது இன்னும் பரிசீலனைலதான் இருக்குது. பீஸ் கட்ட வழியில்லாமத்தான் அவங்ககிட்டயே போன் எடுக்கற வேலைக்கு வந்திருக்கறனுங்க."