பக்கத்து வீட்டு இருமல்

“ஒரு மணி நேரம் அப்பாவைக் கூட்டிக்கிட்டு மாடிக்குப் போயேன் அக்கா.” “வெயில் மண்டையைப் பிளக்குது. உன் இன்டர்வியூவுக்காக அவரைத் துணியாட்டம் காயப்போடணுமாடா?” தெருவுக்கே கேட்கிற இந்தச் சண்டைக்கு நடுவில் அப்பா தானாகவே துண்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய் முக்காலியில் உட்காருகிறார். பெரிய மென்பொருள் கம்பெனி. மகனுக்கு இது கடைசிச் சுற்று, வீட்டிலிருந்தே கணினி வழியாக. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே பழைய அரைக்கால்சட்டை. மகள் கதவைச் சாத்திவிட்டு, சொட்டுகிற குழாய்க்கு அடியில் ஈரத்துணியை மடித்து வைக்கிறாள். என்ன திட்டினாலும் தம்பி தம்பிதானே. மடிக்கணினியின் வெளிச்சம் கதவிடுக்கு வழியாக வந்து அப்பாவின் பெருவிரலில் விழுகிறது. அந்தப் பக்கம் மகன் சிரிக்கிறான். வீட்டில் யாரும் இதுவரை கேட்டறியாத சிரிப்பு. அப்பாவின் நெஞ்சில் இருமல் ஏறுகிறது. துண்டைச் சுருட்டி வாயில் அடைக்கிறார், கழுத்து நரம்பு புடைக்கிறது, கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. அப்படியும் ஒன்று தப்பி ஓடிவிடுகிறது. பேச்சு நிற்கிறது. “வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா? போய்ப் பாத்துட்டு வாங்க, காத்திருக்கோம்” என்று கணினிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கனிவாகச் சொல்கிறது. “இல்லைங்க மேடம், அது பக்கத்து வீட்டுக்காரர்” என்கிறான் மகன். மகள் அப்பாவைப் பார்க்காமல் குழாயைப் பார்க்கிறாள். அப்பா, அதுவும் சரிதான் என்பதுபோல் மெல்லத் தலையாட்டுகிறார். வேலை கிடைத்து மகன் வெளியூர் போய்விடுகிறான், கூட வேலை பார்க்கிறவளையே கட்டிக்கொள்கிறான். மகளும் கல்யாணமாகிப் போய்விடுகிறாள். ஆளில்லாத வீட்டில் அப்பா இன்னமும் துண்டை வாயில் வைத்துக்கொண்டுதான் இருமுகிறார்.