காய வேண்டிய வரிசை

“எழுதிக்கோங்க. இந்தச் செடி தேறாது.”

பரிசோதனைத் தோட்டத்து அதிகாரியம்மா சொல்லச் சொல்ல, டைப்பிஸ்ட் தட்டிக்கொண்டிருந்தார். மேஜையில் இரண்டு கண்ணாடிக் குடுவைகள். வெளியே இடுப்பளவு நிற்கும் குத்துச்செடிகளின் தண்டைக் கீறி எடுத்த ரப்பர் பால். ஒரு குடுவையில் கழுத்து வரை, மற்றதில் பாதி.

கதவருகே நின்ற தோட்டக்காரர் ஒரு அடி உள்ளே வந்தார். தோட்டத்தை மூடினால் வேலையும் போகும், பின்னால் இருக்கிற ஒற்றை அறை வீடும் போகும்.

“தண்ணி விட்ட வரிசையில குடுவை நிறையப் பால். எட்டு மாசம் தண்ணியே காட்டாத வரிசையில பாதிதான். வறட்சியிலயும் பால் கொட்டும்னு நம்பித்தானே இவ்வளவு பாடு? மூடிட வேண்டியதுதான்.”

“ஆனா மேடம், காய வேண்டிய வரிசையிலதான் இலை பெருசு பெருசா இருக்கு,” என்றார் டைப்பிஸ்ட்.

“இலையைப் பிழிஞ்சா டயர் செய்வீங்க?”

டைப்பிஸ்ட் மறுபடி தட்டத் தொடங்கினார்.

பாலை எடை போடும் தோட்டக்காரரின் மனைவி, தராசுக்குப் பின்னாலிருந்து ‘வாயைத் திறக்காதே’ என்று கண்ணாலேயே மிரட்டினாள். அவர் திறந்துவிட்டார்.

“அம்மா... ஒரு தப்பு நடந்துபோச்சு. காய வேண்டிய வரிசைக்கு நான் தினமும் தண்ணி ஊத்தினேன்.”

டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

“என்னய்யா சொல்றே?”

“முதல் வாரமே தலை தொங்கிடுச்சும்மா. மழையும் எட்டிப் பார்க்கல. பார்த்துக்கிட்டே நிக்க மனசு வரல.”

“பெத்த பொண்ணு ஜுரத்துல கிடந்தப்போ ஒரு டம்ளர் வெந்நீர் வெச்சுத் தந்தது கிடையாது. செடிக்கு மட்டும் பொத்துக்கிட்டு வந்துச்சாம் இரக்கம்!” என்று முணுமுணுத்தாள் மனைவி.

அதிகாரியம்மா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“அப்போ இன்னும் மோசம். தண்ணி குடிச்சும் பாதிப் பால்! ‘தேறாது’க்கு முன்னாடி ‘நிச்சயமா’ன்னு சேர்த்துக்கோங்க சார். நீ நாளையிலேர்ந்து வர வேண்டாம்.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். தோட்டக்காரர் வாசல் வரை போய்விட்டார்.

“நில்லு,” என்றார் அதிகாரியம்மா. “தொட்டிச் சாவி என்கிட்ட இருக்கு. ஒரு வரிசைக்கு ஆகுற தண்ணியைத்தானே தினமும் அளந்து விடறேன்? ரெண்டு வரிசைக்கு எங்கேயிருந்து பிடிச்சே?”

தோட்டக்காரர் பின்னந்தலையைச் சொறிந்தார்.

“ரெண்டுக்கு ஏதும்மா தண்ணி? இன்னொரு வரிசை தெம்பா நின்னுச்சு, தாங்கிக்கும்னு விட்டுட்டேன். எட்டு மாசமா அதுக்கு ஒரு சொட்டுகூட ஊத்தல.”

அதிகாரியம்மா கழுத்து வரை நிறைந்திருந்த குடுவையைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, டைப்ரைட்டரிலிருந்த காகிதத்தைத் தன் கையாலேயே உருவிக் கிழித்தார்.