இரண்டாவது பாட்டில்

"ஒரே சட்டியில பிடிச்ச தண்ணிம்மா. முதல் பாட்டில் சுத்தம். ரெண்டாவதுல கிருமி. இதை வெச்சு, பள்ளிக்கூடத்துக்கு உன் சட்டியைக் கொடுக்கலாம்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

ஆய்வுக்கூட அதிகாரியம்மா, மேசைமேல் இருந்த கடைத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார்.

எதிரே உட்கார்ந்திருந்தாள், தண்ணீர் வடிகட்டும் சட்டி செய்யும் சட்டிக்காரி. களிமண்ணோடு மரத்தூளைப் பிசைந்து சூளையில் சுட்டால், தூள் எரிந்துபோய்க் கண்ணுக்குத் தெரியாத துளைகள் மட்டும் நிற்கும். சாக்கடை கலந்த ஆற்றுத் தண்ணீர்கூட அதன் வழியே சொட்டுச் சொட்டாகச் சுத்தமாகி இறங்கும். அதை நம்பி நாற்பது வீட்டுக்குச் சட்டி கொடுத்திருந்தாள்.

"பள்ளிக்கூட ஆர்டர் போனாப் போகட்டும் மேடம். என் பொண்ணே அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறா. போன மாசம்தான் வயித்துப்போக்குல கிடந்து எழுந்தா..." என்றாள் சட்டிக்காரி.

பக்கத்தில் அவள் புருஷன் நெளிந்தான். முந்தாநாள் இரண்டு பாட்டில்களையும் சைக்கிளில் கொண்டுவந்து ஒப்படைத்தவன் அவன்தான். வியர்த்துக் கொட்ட, அதிகாரியின் பாட்டிலையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"இங்க குடியே முழுகுது, உங்களுக்குத் தாகம் கேக்குதா?"

"தாகம் இல்லடி..."

"அப்ப அழுக்குக் கையோட மூடியைத் தொட்டீங்களா?"

சட்டிக்காரி எழுந்தாள்.

"நாப்பது வீட்டுக்கும் போறேன். கால்ல விழுந்தாவது எல்லாச் சட்டியையும் வாங்கி உடைச்சிடறேன்."

"ஐயோ, உடைச்சுடாதே!" புருஷன் பாய்ந்து மறித்தான். "வழியில பள்ளத்துல சைக்கிள் சாஞ்சுடுச்சு. ரெண்டாவது பாட்டில் மொத்தமும் கொட்டிப்போச்சு. திரும்பிப் போய்ப் பிடிக்கலாம்னா, நம்ம சட்டி அழுதுக்கிட்டே சொட்டும். இங்க பதினோரு மணிக்கு மேல வாங்க மாட்டாங்க. அதான்..."

"அதான்?"

"எதிர்க்கடையில சீல் பிரிக்காத தண்ணி ஒண்ணு வாங்கி ஊத்திட்டேன். அதைவிடச் சுத்தம் எதுன்னு நினைச்சேன்."

சட்டிக்காரி நாற்காலியில் சரிந்தாள். காலையிலிருந்து நெஞ்சில் அடைத்திருந்தது சிரிப்பும் அழுகையுமாக வெளியே வந்தது.

"எந்தக் கம்பெனித் தண்ணிய்யா அது?" என்று கேட்டபடியே அதிகாரியம்மா அடுத்த மடக்குக்குப் பாட்டிலைத் தூக்கினார்.

"இப்போ நீங்க குடிக்கப் போறீங்களே மேடம், அதேதான்."