அரைப் புள்ளி

ஆகஸ்ட் பிற்பகல் இரண்டு மணிக்கு, தென்கொரியாவின் தேகு நகரமே வெயிலில் வெந்துகொண்டிருந்தபோது, போரம் வீட்டு ஏசியை நிறுத்தினாள். பிறகு மின்விசிறியை. பிறகு ஃபிரிட்ஜை.

"கிம்ச்சி புளிச்சுப் போகும்டி," என்றாள் மாமியார்.

"ஆட்டம் முடியட்டும் அத்தை. இன்னிக்குத் தோத்தா, அடுத்த தகுதிச்சுற்றுக்குள்ள அவருக்கு வயசு வரம்பு தாண்டிடும். அப்புறம் எந்தக் காலத்துலயும் தொழில்முறை ஆட்டக்காரர் ஆக முடியாது."

"அதுக்கு என்னை ஏன் வேக வைக்கிறே?"

"சின்னச் சத்தமும் அவருக்கு ஆகாது."

மாமியார் கைவிசிறியை எடுத்து விசிறிக்கொண்டாள். உள்ளே, கேமராவின் முன் அமர்ந்து, போரமின் கணவன் தேசிக், கறுப்பு வெள்ளைக் காய்களால் ஆடும் பதுக் பலகை ஆட்டத்தின் தகுதிச்சுற்றை இணையத்தில் ஆடிக்கொண்டிருந்தான்.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது.

"அரைப் புள்ளியில போச்சு," என்றான்.

அவன் கைபேசி ஒலித்தது. எதிராளி கியுசல், தேசிக்கின் பயிற்சிக்கூடத்திலேயே இளையவன். குரல் வெளியே கேட்டது.

"உங்க மெஷின் நல்லாத்தான் ஆடுச்சுண்ணே."

மாமியார் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். மேசைக்கடியில், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், அடுத்த காயை எங்கே வைப்பதென்று சொல்லித்தரும் கணினி ஒன்று இரைந்துகொண்டிருந்தது. வீட்டில் மிச்சம் பிடித்த மின்சாரமெல்லாம் அதற்குத்தான். போரம் தலைகுனிந்தாள்.

"பயப்படாதீங்க, புகார் பண்ணமாட்டேன். நானும் அதே புரோகிராம்தான். எட்டு கிராபிக்ஸ் கார்டு போட்டிருக்கேன், இன்னும் ஆழமா யோசிக்கும். உங்ககிட்ட எத்தனைண்ணே?"