இடது கை

ஜெனிட்டா ஆசையாகக் கேட்டிருந்த பெட்டி, அவளை அடக்கம் செய்த மறுவாரம் வந்தது. உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த ஒரே ஒரு பிளாஸ்டிக் தாள், வண்ணப் புட்டிகள், அவள் அனுப்பிய தன் முகப்படத்தை எண்களாக்கிய அட்டை. எண்ணுக்குரிய வண்ணத்தை ஒவ்வொரு குமிழிக்குள்ளும் ஊசியால் ஏற்றினால் அவள் முகம் வந்துவிடும். பெட்டியிலிருந்த ஊசி முதல் நாளே வளைந்துவிட, பிலோமினா, மகள் ஜெனிட்டாவுக்குப் போட்டு மிஞ்சிய இன்சுலின் ஊசிகளை எடுத்துக்கொண்டாள். ஏற்றும்போதெல்லாம் இடது கையைத் தொடைக்கடியில் அமுக்கி வைத்துக்கொண்டாள். ஊசி போடச் சதையைக் கிள்ளிப் பிடித்தே பழகிய கை அது.

விடிந்தால் முப்பதாம் நாள் பூசை. வலது கண்ணின் கருமணி மட்டும் பாக்கி.

"நான் வேணா போடட்டா?" என்றான் கணவன் லூர்து.

"நீங்களா? ஊசிய எடுத்தாலே வாசலுக்கு ஓடுற ஆளு. நாலு வருசம் போட்ட கையி இது, பேசாம இருங்க."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கறுப்பை இழுத்துக் காற்றுப்போகச் சுண்டினாள். இடது கை தானாக வந்து குமிழியைக் கிள்ளியது. பட்டென்று உடைந்தது.

உடைந்த இடத்திலேயே ஊசியை இறக்கி, எடுக்காமல் பத்துவரை எண்ணினாள். "அவ்ளோதான் தங்கம், முடிஞ்சிட்டு" என்று தாளிடம் சொல்லிவிட்டு, லூர்துவிடம் பஞ்சுக்குக் கை நீட்டினாள்.